கரண்டியில் நிற்கும் உணவு

என் ராத்தாவின் மகளுக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோதே எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒரு கட்சிக்குத் தலைவி கொட்டாஞ்சேனையில் இருக்கும் ராத்தாவின் மாமி. "பிள்ள நாங்க தின்னுறதப் பாத்து வாய மெல்லுது. இன்னும் என்னத்துக்குப் பாத்துட்டு ஈக்கிற?" என்பது அவருடைய வாதம். மறுபக்கம், வெள்ளவத்தையில் ராத்தா வசிக்கும் தொடர்மாடிக்கு வந்துபோகும் மிட்வைஃப் மிஸ். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்பது அவருடைய தீர்ப்பு. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு பக்கமும் என்னை நடுவராக்கின. அதற்காகத் தேடி வாசித்தவற்றையும் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து கேட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். இதை வாசிக்கும் தோழிகளில் பலர் இப்போதே யாரோ ஒரு பிள்ளைக்குச் சாச்சியாகவோ மாமியாகவோ இருப்பீர்கள். பிள்ளையைப் "பார்த்துக்கொள்" என்று நம்மிடம் விட்டுப் போகும்போது கையில் ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் தந்துவிட்டுத்தானே போகிறார்கள்!

முதலில் மாமியின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர் தன் பிள்ளைகளுக்கு நான்கு மாதத்தில் உணவு தொடங்கியது அறியாமையால் அல்ல. அந்தக் காலத்தில் உலக சுகாதார நிறுவனமே நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கலாம் என்றுதான் சொல்லி வந்தது. இலங்கையின் கிளினிக்குகளிலும் நான்கு மாதம் என்றே சொல்லப்பட்டது. 2001ஆம் ஆண்டு உலக சுகாதார மாநாட்டில்தான் ஆறு மாதம் முழுவதும் தாய்ப்பால் மட்டும் என்ற பரிந்துரை உறுதியானது. அதன் பிறகு நம் நாடும் மாறியது. ஆகவே மாமியும் மிட்வைஃப் மிஸ்ஸும் சண்டை பிடிப்பதாக நாம் நினைப்பது, உண்மையில் ஒரே கிளினிக்கின் பழைய அறிவுரையும் புதிய அறிவுரையும் ஒரு வீட்டில் சந்திப்பதுதான். இதை நான் மாமியிடம் சொன்னபோது அவருடைய முகத்தில் பாதிக் கோபம் இறங்கியது. பெரியவர்களை "உங்களுக்குத் தெரியாது" என்று சொல்வதற்கும் "அப்போது அப்படித்தான் சொன்னார்கள்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நான்கு மாதத்தில் தொடங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நம் நாட்டில் வேலைக்குப் போகும் தாய்க்குச் சம்பளத்துடன் கிடைக்கும் பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். வார இறுதிகளையும் விடுமுறை நாட்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நான்கு மாதம். ராத்தா ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை பார்ப்பவர். விடுமுறை முடிகிற வாரமும் "சோறு தொடங்குவோமா?" என்ற கேள்வி வருகிற வாரமும் ஒன்றாக இருந்தது தற்செயல் அல்ல. அவர் பாலைக் கறந்து சுத்தமான போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். அதைச் சிறு கோப்பையாலும் கரண்டியாலும் கொடுக்க மாமி பழகிக்கொண்டார். சொல்வதற்கு எளிது. காலை ஐந்து மணிக்கு எழுந்து பால் கறந்துவிட்டு, ஏழு மணிக்குக் காலி வீதியில் பஸ் பிடிப்பவருக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

குழப்பத்துக்கு மூன்றாவது காரணம் சொல். பிள்ளைக்குச் சோறு தொடங்குவதையும் பால் மறக்கடிப்பதையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ஆறு மாதத்தில் கொடுப்பது மேலதிக உணவு. அதாவது பாலுக்கு மேலதிகமானது, பாலுக்குப் பதிலானது அல்ல. ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் பிள்ளைக்குத் தேவையான சக்தியில் பாதி அல்லது அதற்கு மேல் தாய்ப்பாலிலிருந்தே கிடைக்க முடியும். இரண்டாவது வயதிலும் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். நமக்கு இது புதிய செய்தி அல்ல. திருக்குர்ஆனில் பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று காலம் குறிக்கிறது. அதற்கு முன் பால் மறக்கடிக்க நினைத்தால் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து மனமொத்து முடிவெடுக்கலாம் என்கிறது. பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளை எப்போது பால் மறப்பது என்ற ஒரு சின்ன விடயத்துக்கு இரண்டு பேரின் ஆலோசனையும் சம்மதமும் வேண்டும் என்று வைத்திருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நம் வீடுகளில் இந்த ஆலோசனையில் தந்தைமார் பெரும்பாலும் கலந்துகொள்வதில்லை. மச்சானும் முதலில் "அது பொம்பளைகள்ட விஷயம்" என்றுதான் ஒதுங்கினார்.

சரி, ஏன் ஆறு மாதம்? கொழும்பில் நம்மைச் சுற்றி வாழும் மற்றச் சமூகத்தவரும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குக்கே வந்திருக்கிறார்கள். எங்கள் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அன்ட்டி தன் பேரனுக்கு ஆறாம் மாதத்தில் கோயிலில் வைத்துச் சோறு தீத்தினார். பல் முளைத்ததும் கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டி, முன்னால் புத்தகம், பேனை, நகை எல்லாம் பரப்பி எதை எடுக்கிறான் என்று பார்த்தார்கள். சிங்களக் குடும்பங்களில் நல்ல நேரம் பார்த்துப் பாற்சோறு ஊட்டுகிறார்கள். நமக்கு ஏழாம் நாள் பெயர் வைப்பதும் அகீகாவும் உண்டு. சோற்றுக்கென்று தனிச் சடங்கு இல்லை. அதனால்தானோ என்னவோ, எப்போது தொடங்குவது என்பது நம்மிடம் அந்தந்த வீட்டின் வசதிப்படி முன்னும் பின்னும் நகர்கிறது.

உடற்கூற்றுக் காரணம் தெளிவானது. நான்கு மாதப் பிள்ளையின் நாவில் கரண்டியை வைத்தால் நாக்கு அதை வெளியே தள்ளும். அது குறும்பு அல்ல, பால் குடிக்கும் வயதுக்கான இயல்பான ஓர் அனிச்சைச் செயல். ஆறு மாதமளவில் அது மறைகிறது. தலை ஆடாமல் நிற்கிறது. சாய்த்துப் பிடித்தால் உட்கார முடிகிறது. கையில் கிடைத்தது வாய்க்குப் போகிறது. வாயை மெல்லுவது மட்டும் பசியின் அடையாளம் ஆகாது. பல்லுக்கு ஊறு வரும் பிள்ளையும் மெல்லும், விளையாட்டுக்கும் மெல்லும்.

அதைவிட முக்கியமான காரணம் இரும்புச்சத்து. பிள்ளை தாயின் வயிற்றில் இருக்கும்போதே கல்லீரலில் இரும்பைச் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. சேமிப்பு ஏறத்தாழ ஆறு மாதத்துக்குத்தான் தாங்கும். குறைமாதப் பிள்ளைக்கு அதுவும் தாங்காது. பிறகு வேண்டிய இரும்பு கிட்டத்தட்ட முழுவதும் உணவிலிருந்துதான் வர வேண்டும். அமெரிக்கப் போசாக்கு அட்டவணையில் ஒரு வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்பு; 7 முதல் 12 மாதப் பிள்ளைக்கு 11 மில்லிகிராம். மேசையில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிடும் வாப்பாவை விட, மடியில் இருக்கும் பிள்ளைக்கு அதிகம் வேண்டும்! குருதிச்சோகை வந்தால் முகம் வெளிறுவதோடு போகாது. இரண்டு வயதுக்குள் மூளை தன் வளர்ந்த அளவில் முக்கால்வாசிக்கு மேல் எட்டிவிடுகிறது. அந்த வேகமான காலத்தில் இரும்பு குறைந்தால் கவனமும் கற்றலும் பாதிக்கப்படலாம்.

இனி எங்கள் வீட்டில் நடந்ததற்கு வருகிறேன். ஆறு மாதம் நிறைந்தது, மிட்வைஃப் மிஸ் வென்றார், மாமியும் சமாதானமானார். பகலில் பிள்ளை கொட்டாஞ்சேனையில். மாமி ஒவ்வொரு காலையும் பச்சைக் கரட், பூசணி, உருளைக்கிழங்கு, ஒரு துண்டுக் கோழி எல்லாம் போட்டு அவித்தார். பிறகு அதை வடித்தார். வடித்த தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுத்தார். காய்கறியும் கோழியும் பெரியவர்களின் கறிக்குள் போயின. "சத்தெல்லாம் தண்ணிக்குள்ள இறங்கி ஈக்கிது" என்பது அவருடைய நம்பிக்கை. பிள்ளை வயிறு நிறையக் குடித்தது, அழவில்லை, எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு மாதத்தில் 7.2 கிலோ இருந்த நிறை எட்டு மாதத்தில் 7.3. கிளினிக்கில் தரும் வளர்ச்சிப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள்: பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு, ஆண் பிள்ளைக்கு நீலம். அதிலுள்ள வரைபடத்தில் பச்சைப் பட்டைக்குள் அழகாக ஏறி வந்த கோடு, சரியாக உணவு தொடங்கிய மாதத்திலிருந்து படுத்துவிட்டது. தாய்ப்பாலால் மட்டும் வளர்ந்த காலத்தில் ஏறிய கோடு, சாப்பாடு தொடங்கியதும் படுப்பதா? மாமி அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விளக்கம் இவ்வளவுதான். 100 மில்லிலீற்றர் தாய்ப்பாலில் ஏறத்தாழ 65 முதல் 70 கலோரி இருக்கிறது. அதே அளவு சூப் தண்ணீரில் அதில் பாதிகூட இல்லை. எட்டு மாதப் பிள்ளையின் இரைப்பை ஒரு சிறு தேநீர்க் கோப்பை அளவு. அதைத் தண்ணீரால் நிரப்பினால் பிள்ளைக்கு வயிறு நிறைந்த உணர்வு வரும். பால் குறைவாகக் குடிக்கும். சத்துள்ள ஒன்றைத் தள்ளிவிட்டுச் சத்தற்ற ஒன்று அந்த இடத்தைப் பிடிக்கிறது. புரதமும் இரும்பும் பெரும்பாலும் இறைச்சியிலேயே தங்கிவிடுகின்றன. தண்ணீரில் இறங்குவது மணமும் உப்பும் சில விற்றமின்களும்தான். அரிசிக் கஞ்சியைத் தெளிவாக இறுத்துக் கொடுப்பதும், மாவைப் பாலாகக் கரைத்துப் போத்தலில் ஊற்றுவதும் இதே கதைதான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். உலகிலேயே உயர்ந்த வீதங்களில் ஒன்று இது. அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பிறப்பு நிறைக் குறைவு, வறுமை, நோய் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் முதல் ஆறு மாதத்தில் இவ்வளவு நன்றாகச் செய்யும் நாடு, அதன் பிறகு வழுக்குவதில் நமது சூப் தண்ணீருக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மிட்வைஃப் மிஸ் சொல்லித்தந்த பரீட்சை எளியது. உணவைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வழிந்து ஓடினால் அது குடிக்கும் பொருள். கரண்டியிலேயே நின்றால் அதுதான் உணவு. முதல் நாட்களில் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும்; நாளுக்கு நாள் கூட்டி அரைக் கோப்பை வரை கொண்டுவரலாம். ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு முறை. இந்த வயதில் பாலுக்கு மேலதிகமாக வேண்டியது ஏறத்தாழ 200 கலோரி, ஒன்பது மாதத்திலிருந்து 300, ஒரு வயதுக்குப் பிறகு 550 என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. சூப் தண்ணீரால் இதை எட்டவே முடியாது.

இப்போது கொட்டாஞ்சேனைச் சமையலறையில் நடப்பது இது: குழைய வேகவைத்த சோறு இரண்டு மேசைக்கரண்டி, மைசூர் பருப்பு ஒரு மேசைக்கரண்டி, ஒரு துண்டுப் பூசணி அல்லது சில கீரை இலைகள், முள் பார்த்து உதிர்த்த மீன் கொஞ்சம். எல்லாவற்றையும் கழுவிய விரலால் பிசைந்து, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோ கட்டித் தேங்காய்ப்பாலோ பட்டரோ சேர்த்து, கடைசியில் சில துளி தேசிக்காய்ப் புளி. எண்ணெய் எதற்கு என்று நானும் கேட்டேன். வயிறு சிறியது; அதே அளவு உணவில் சக்தியைக் கூட்டுவதற்கு எண்ணெயைவிட எளிய வழி இல்லை. தேசிக்காயில் இருக்கும் விற்றமின் சீ, பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடல் உறிஞ்ச உதவுகிறது. பிள்ளைக்கென்று தனிச் சட்டி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. வீட்டுக் கறியில் உப்பும் மிளகாய்த்தூளும் போடுமுன் ஒரு பங்கை எடுத்து வைத்தால் போதும். நோன்புக் காலத்தில் கஞ்சிக்கும் அப்படியே. உப்பும் மசாலாவும் சேருமுன் அரிசியையும் இறைச்சியையும் எடுத்துப் பிசையலாம்.

மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றை "பிள்ளைக்குச் செமிக்காது" என்று ஒரு வயது வரை தள்ளிப்போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, ஆறு மாதம் முதலே இவை நாளாந்தம் கிடைக்க வேண்டும் என்கிறது. இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் இரும்பு, கீரையிலுள்ள இரும்பைவிட இலகுவாக உடலில் சேரும். கோழி ஈரல் இரும்பு நிறைந்தது, விலையும் குறைவு. விற்றமின் ஏயும் அதில் மிக அதிகம் என்பதால் வாரத்தில் ஒரு நாள் சிறிதளவு போதும். வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் பெரிய மீனை வாங்க முடியாத நாளில் சூடையும் நெத்தலியும் இருக்கின்றன. நெத்தலிக் கருவாடென்றால் உப்புப் போக நன்றாகக் கழுவி, காயவைத்து வறுத்து, தூளாக்கிச் சோற்றில் தூவலாம். முட்டை நன்றாக அவிந்திருந்தால் மஞ்சளும் வெள்ளையும் சேர்த்தே கொடுக்கலாம்.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது தேத்தண்ணி. மேரி பிஸ்கட்டைப் பிளேன்டீயில் தோய்த்துப் பிள்ளையின் வாயில் வைப்பது நம் ஊரில் அன்பின் அடையாளம். ஆனால் தேயிலையிலுள்ள தனின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. தேயிலையால் உலகப் புகழ் பெற்ற நாட்டில் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடந்தான்!

ஒவ்வாமை பற்றி ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. முட்டை, கச்சான் போன்றவற்றைத் தாமதமாகக் கொடுத்தால் ஒவ்வாமை வராது என்று முன்பு நம்பினார்கள். பேராசிரியர் கிடியன் லாக் என்ற லண்டன் வைத்தியர் 2008இல் ஒன்றைக் கவனித்தார். பிரித்தானியாவில் வளரும் யூதப் பிள்ளைகளிடம் கச்சான் ஒவ்வாமை, இஸ்ரேலில் வளரும் யூதப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு அதிகமாக இருந்தது. பிந்தியவர்கள் கைக்குழந்தைப் பருவத்திலேயே கச்சான் கலந்த சிற்றுணவு சாப்பிட்டு வளர்கிறவர்கள். பிறகு ஒவ்வாமை வரும் ஆபத்து அதிகமுள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கச்சான் உணவு கொடுத்து, மறு பாதிக்குத் தவிர்த்துப் பார்த்தார்கள். 2015இல் வெளிவந்த முடிவில், ஐந்து வயதில் தவிர்த்த குழுவில் 17.2 வீதமானோருக்கும், சாப்பிட்ட குழுவில் 3.2 வீதமானோருக்கும்தான் ஒவ்வாமை இருந்தது. ஆகவே வறுத்து நைசாக அரைத்த கச்சானைச் சோற்றில் சிறிது கலந்து கொடுப்பது நல்லதே. புதிய உணவை ஒவ்வொன்றாக, பகல் வேளையில் தொடங்குங்கள். கடுமையான தோல் அழற்சி உள்ள பிள்ளையென்றால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். முழுக் கச்சான் மட்டும் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். அது மூச்சுக்குழாய்க்குள் போகும்.

தேனைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவுவது பல குடும்பங்களில் உண்டு. தேனில் சில வேளைகளில் க்ளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியாவின் வித்திகள் இருக்கும். பெரியவர்களின் குடல் அவற்றை வளரவிடாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் அவை முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்திகள் சாவதில்லை. தேனில் நிவாரணம் இருக்கிறது என்பது நம் நம்பிக்கை. ஆனால் அதைப் பச்சிளம் பிள்ளைக்குக் கொடுக்கும்படி எங்கும் கட்டளை இல்லை. நபி (ஸல்) அவர்கள் அஸ்மா (ரழி) அவர்களின் மகனுக்குச் செய்த தஹ்னீக்கில் வருவதும் பேரீச்சம்பழமே. சீனியும் உப்பும்கூட ஒரு வயது வரை தேவையில்லை. பிள்ளையின் சிறுநீரகம் அதிக உப்பைச் சமாளிக்கப் பழகவில்லை. "உப்பில்லாமல் எப்படித் தின்னும்?" என்று கேட்கும் நாக்கு நம்முடையது, பிள்ளையுடையது அல்ல.

ராத்தாவுக்குக் கலியாணத்தில் கிடைத்த ப்ளெண்டர் இருக்கிறது. அதை எடுத்து உள்ளே வைத்துவிடச் சொன்னார் மிட்வைஃப் மிஸ். எல்லாவற்றையும் களியாக அரைத்துக் கொடுத்தால் பிள்ளை மெல்லப் பழகாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகே சிறு கட்டிகள் உள்ள உணவைக் கண்ட பிள்ளைகள், பின்னாளில் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடிப்பவர்களாக இருந்தார்கள். ஆறு மாதத்தில் மசியல், எட்டு மாதத்தில் சிறு கட்டிகளும் கையால் பிடித்துத் தின்னும் மென்மையான துண்டுகளும், ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு. மெல்லப் பழகும்போது பிள்ளை ஓக்காளிக்கும், இருமும், முகம் சிவக்கும். சத்தம் வரும் வரை பயப்பட வேண்டியதில்லை. அது தானே வெளியே தள்ளும். சத்தமே வராமல் மூச்சுத் திணறி நீலம் பாய்ந்தால்தான் ஆபத்து. அப்போது பிள்ளையை முன்னங்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை தட்டுங்கள். வெளிவராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் ஐந்து முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது. உடனிருப்பவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கட்டும். திராட்சையை நீளவாட்டில் நான்காக வெட்டுங்கள். ரம்புட்டான் காலத்தில் பெரிய பிள்ளைகள் தம்பி தங்கையின் வாயில் பழத்தை முழுதாக வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறை கூடாத பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் திரிபோஷ கொடுக்கிறார்கள். மக்காச்சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள் கலந்த இந்த மா 1973 முதல் நம் நாட்டில் வழங்கப்படுகிறது. தொழிற்சாலை ஜாஎலயில் இருக்கிறது. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்து உருட்டினால் பெரிய பிள்ளைகளே போட்டி போட்டுத் தின்றுவிடுவார்கள். அதனால் பொதி யாருக்கு வந்ததோ அவருக்குப் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள். 2022 நெருக்கடியில் பால்மாவும் முட்டையும் எட்டாத விலைக்குப் போனபோது நம் வீடுகளில் முதலில் குறைந்தது பிள்ளையின் கிண்ணத்தில் இருந்த முட்டைதான். அந்த நாட்களில் பருப்பும் நெத்தலியும் கீரையும்தான் பல பிள்ளைகளைத் தாங்கின. விலை உயர்ந்த டின் உணவு இல்லாவிட்டால் பிள்ளை வளராது என்று எந்தத் தாயும் கவலைப்பட வேண்டாம்.

வீடு வீடாக வந்து இதையெல்லாம் சொல்லும் அந்தச் சேவையைப் பற்றியும் ஒரு வரி. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவுதான் இதற்கு அடித்தளம். கிட்டத்தட்ட நூறு வருடங்களாக ஒரு பெண் கையில் பையுடன் கதவைத் தட்டி, பணம் எதுவும் கேட்காமல் பிள்ளையின் நிறையைப் பார்த்துவிட்டுப் போகிறார். பல நாடுகளில் இது இல்லை. அவரை வாசலில் நிற்க வைத்துப் பேசி அனுப்பாமல், மாமியையும் கூட்டி உட்கார வைத்துப் பேசினால் வீட்டுச் சண்டையில் பாதி குறையும். வரைபடத்தைக் காட்டி அவர் விளக்கிய அன்று மச்சானும் வீட்டில் இருந்தார். மீன் வாங்கி முள் எடுக்கும் வேலை அன்றிலிருந்து அவருடையது.

ஊட்டும்போது கைபேசியில் காட்டூன் போட்டுக் காட்டி, வாய் திறக்கும் நேரம் பார்த்துக் கரண்டியைத் திணிப்பதை எல்லா மாடிகளிலும் பார்க்கிறேன். பிள்ளைக்கு என்ன சாப்பிடுகிறோம் என்பதே தெரிவதில்லை. போதும் என்று தலையைத் திருப்பவும் மறந்துவிடுகிறது. ஒரு புதிய சுவையை ஒருமுறை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எட்டுப் பத்துத் தடவை கொடுத்த பிறகு ஏற்கும் பிள்ளைகள் பலர்.

கடைசியாக, சுகமில்லாத நாட்கள். காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள்; வயிற்றோட்டமென்றால் ஜீவனிக் கரைசலும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்; உணவை மென்மையாக்கிச் சிறிது சிறிதாகப் பல தடவை கொடுங்கள். பிள்ளை சோர்ந்து போனால், கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சுகமான பிறகு இரண்டு வாரத்துக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால், இழந்த நிறையைப் பிள்ளை திரும்பப் பிடித்துவிடும்.